பயணிகள் படகு உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

வராதவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நிர்வாக சபை ஆறு தடவை கூடியது. இரண்டு தடவை போதிய ஆளின்றிக் கலைந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆனித் திருவிழாவில் நம் படகுகள் முறை வைத்து ஓடின. இறங்குதுறை விளக்கு மாற்றப்பட்டது.

அடுத்தது, 'செயலாளரின் கொப்பி' என்று சிலர் கேலி செய்யும், ஒவ்வொரு படகிலும் எழுத வேண்டிய பாதுகாப்புக் குறிப்பேடு. அது எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்கிறேன்.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீபுரூக் துறையிலிருந்து புறப்பட்ட பயணிகள் கப்பல் ஒன்று முன்கதவு மூடப்படாமலே போய்க் கவிழ்ந்து 193 பேர் இறந்தனர். கதவை மூட வேண்டியவர் தூங்கிவிட்டார் என்பது பாதிக் கதைதான். கதவு திறந்திருப்பதைக் காட்ட, கப்பலை ஓட்டும் மேல்தளத்தில் ஒரு விளக்குப் பொருத்தித் தரும்படி கப்டன்மார் முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். கரையிலிருந்த அலுவலகம் தட்டிக்கழித்திருந்தது. அதன் பிறகு வந்த சர்வதேசப் பாதுகாப்பு முகாமைத்துவக் கோவை என்ற கப்பல் பாதுகாப்பு விதித்தொகுப்பு, 1998 ஜூலை முதல் நாடு விட்டு நாடு போகும் பயணிகள் கப்பல்களுக்குக் கட்டாயமானது. நம் படகுகளுக்கு அது பொருந்தாது என்று போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னார். உண்மை. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒரு படகு கவிழ்ந்ததே, அதற்கும் பொருந்தாதுதான்.

அந்தக் கோவையிலிருந்து நம் கொப்பிக்கு நான் எடுத்தது கொஞ்சம். ஏறுவோரை எண்ணி எழுத வேண்டும். பழுதையும், மயிரிழையில் தப்பியதையும் எழுத வேண்டும். எழுதியதைக் கேட்கக் கரையில் ஒருவர் இருக்க வேண்டும்.

டிசம்பரில் கொப்பிகளைச் சேகரித்தேன். ஒன்றில் முழு மாதமும் ஒரே பேனையால், ஒரே இருப்பில் நிரப்பப்பட்டிருந்தது. நவம்பர் 31 அன்றும் 'எல்லாம் சரி' என்றிருந்தது. அன்று பயணித்தோர் தொகைகூட உண்டு! சோளகக் காற்றில் ஒரு படகின் சுக்கான் சங்கிலி அறுந்து, நடுக்கடலில் அது இழுபட்ட கதை தேநீர்க்கடை முழுவதற்கும் தெரியும். எந்தக் கொப்பியிலும் ஒரு வரி இல்லை. பெயர் கெட்டுவிடும் என்று பயம். யாரையும் குற்றம் சொல்ல அல்ல, அடுத்த படகின் சங்கிலியைப் பார்க்கத்தான் கேட்கிறேன்.

உயிர்காப்பு அங்கிப் பயிற்சிக்கு வந்தவர்கள் நால்வர். ஒரு படகில் அங்கிகள் கடைப் பொலித்தீன் உறையோடு, கூரைக் கம்பியில் மும்முடிச்சுப் போட்டுக் கட்டிக் கிடந்தன. அவிழ்க்கக் கத்தி தேட வேண்டியிருந்தது.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். கொப்பி அச்சிட்டதில் ஒரு பகுதி என் கைக்காசு. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. திருவிழா முறை கேட்டு முதல் ஆளாக வந்து நின்ற இருவர் இரண்டு ஆண்டுச் சந்தா தரவில்லை என்பதையும்தான்.

தலைவர், பொருளாளர், பயணிகளை எண்ணி ஏற்ற உதவிய கடற்படையினர், தேநீர் தந்தோர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளராக நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் கரைப் பொறுப்பாளரின் தொலைபேசி இன்னும் என் வீட்டில்தான் மணியடிக்கிறது. ஏற்க ஆள் வந்தால் இன்றே கொடுத்துவிடுவேன். புதிய கொப்பிகள் மேசையில் இருக்கின்றன. சந்தா கட்டியவர்கள் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். கட்டாதவர்களும்.