ஞாயித்துக்கெழம வரும்போது ஒரு கைப்பிடி ஏலக்கா கொண்டு வாங்க

பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்ங்க,

போன பெற்றோர் கூட்டத்துல 8ஆம் வகுப்பு பையனோட அம்மா ஒருத்தங்க எந்திரிச்சு கேட்டாங்க, "ஏலக்கா ஸ்டோர்ல கலர் சார்ட்டர் மெஷின் வந்ததும் காய் பிரிக்க பாதி ஆளு போதும்னுட்டாங்க டீச்சர், அந்த ஏஐ கருமத்தையே எம்புள்ளைக்கு பாடமா நடத்துறீங்களாக்கும்"னு. நான் அன்னிக்கு ஏதோ சொல்லி மழுப்பிட்டேன். வீட்டுக்கு வந்தும் அது மண்டைக்குள்ளயே கெடந்துச்சு, அதான் இந்த லெட்டர்.

அந்த மெஷின்ல காய் மேலருந்து விழும்போதே கேமரா பாத்துருது, வெளுத்தது வெடிச்சதுன்னு பட்டா காத்த பீச்சி ஒதுக்கி தள்ளிருது. பழசு வெறும் கலர மட்டுந்தான் பாக்கும், இப்ப வர்றதுக்கு நல்ல காய் இது கெட்ட காய் இதுன்னு ஏகப்பட்ட படம் காட்டி பழக்குறாங்க. அந்த படத்துல எது நல்ல காய்னு சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும்ல, உங்கள மாதிரி கை பழகுன ஆளுதான். இத சொன்னா போன வேலை திரும்பி வந்துருமான்னா வராது, அது எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியிலயும் இதே கததான். சுகர் இருக்கவங்கள்ல சில பேருக்கு கண்ணுக்குள்ள விழித்திரைல ரத்தம் கசியும், ஆரம்பத்துல பார்வைல ஒண்ணும் தெரியாது, தெரியும்போது லேட்டாயிருக்கும். அத ஃபோட்டோவ வச்சே கண்டுபிடிக்க கூகுள் ஆளுங்க ஒரு மெஷினுக்கு 1,28,175 படம் காட்டி பழக்கி 2016ல ஆய்வு வெளியிட்டாங்க, 54 கண் டாக்டருங்க அந்த படங்கள பாத்து நோய் இருக்கா எவ்வளவு இருக்குன்னு குறிச்சு குடுத்தாங்க, அதுவும் ஒரே படத்த மூணு பேருக்கு கொறையாம பாத்தாங்க. படம் குடுத்ததுல நம்ம மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரியும் ஒண்ணு. ஆனா அப்புறம் தாய்லாந்து கிளினிக்குகள்ல இத வச்சு பாத்தப்ப, ரூம் வெளிச்சம் மாதிரி காரணத்தால படம் தெளிவா இல்லன்னு அஞ்சுல ஒரு படத்த மெஷின் தள்ளி விட்டுருச்சு, பாவம் நர்சம்மாங்கதான் நோயாளிகிட்ட பதில் சொல்லிட்டு நின்னாங்க.

இந்த ரெண்டு பக்கமும் பிள்ளைங்களுக்கு தெரியணும்னுதான் நடத்துறோம். மலைப்பாதை மெட்டுக்கு மேல இருக்க கேரளா பள்ளிக்கூடத்துல 2024லயே 7ஆம் வகுப்பு ஐசிடிங்கிற கம்ப்யூட்டர் பாட புத்தகத்துல இந்த ஏஐ வந்துருச்சு, முகத்த பாத்து சிரிக்கிறாங்களா அழுவுறாங்களான்னு சொல்ற புரோகிராம் பிள்ளைங்களே செய்யுதுங்க. அங்க வண்டன்மேட்டுல சொந்தக்காரங்க இருந்தா கேட்டு பாருங்க.

வர்ற ஞாயித்துக்கெழம காலைல 10 மணிக்கு, மலைக்கு வேலையாளுங்கள ஏத்திட்டு ஜீப்பு போகாத நாளுங்கிறதால அன்னிக்கு வச்சிருக்கோம், கம்ப்யூட்டர் ரூமுக்கு வாங்க. நீங்க காய பிரிச்சு வைங்க, பிள்ளைங்க படம் எடுத்து டீச்சபிள் மெஷின்ங்கிற ஃப்ரீ புரோகிராம்ல ஏத்தும், அப்புறம் புது காய காட்டி உங்க கண்ணா மெஷின் கண்ணான்னு போட்டி வைப்போம். கேள்வி கேட்ட அந்த அம்மா அவசியம் வரணும், அன்னிக்கு அவங்கதான் டீச்சர்.

நல்ல காயா பொறுக்கி கொண்டு வந்துராதீங்க, வெடிச்சது, வெளுத்தது, பூச்சி அடிச்சது எல்லாம் கலந்து வேணும். முடிஞ்சதும் அவங்கவங்க காய திருப்பி குடுத்துருவோம், இப்ப விக்கிற விலைக்கு ஸ்கூல் டீயில போட்டுற மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை