உப்பு எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பசுமை வளர்ச்சிக்குத் திருப்பூரே முன்மாதிரி என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனால் 1988-ல் ஹெல்பராகச் சேர்ந்து, அப்புறம் மாஸ்டராகி, முப்பது வருஷம் சாயப்பட்டறையில் கிடந்தவன் நான். ஒரு கணக்கு விடுபட்டிருப்பது என் கண்ணில் படுகிறது. உப்புக் கணக்கு.

பனியன் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். எங்கள் பழைய வின்ச் தொட்டியில் 100 கிலோ துணிக்கு 1,500 லிட்டர் தண்ணீர் பிடிப்போம். கறுப்பு, நேவி என்றால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு. பெருக்கிப் பாருங்கள், 90 கிலோ வரும். துணியும் உப்பும் கிட்டத்தட்ட ஒரே எடை! வெளிர் நிறத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவதுதான் உப்பின் வேலை. அது துணியில் தங்காது. போட்டது போட்டபடி கழிவுத் தண்ணீரில் இருக்கும்.

இது எங்களுக்கு அப்போதே தெரியும். சுண்ணாம்பும் படிகாரமும் போட்டால் கலர் இறங்கிவிடும், தண்ணீர் தெளிந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் பெரும்பாலும் இவ்வளவுதான் செய்தன. கலர் போனது, உப்பு நொய்யல் ஆற்றில் போனது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை அந்த உப்பைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிப்போனது. தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்ட அணை நாட்டில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தோட்டம் அந்த அணைக்குக் கீழேதான். கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தீபாவளிக்குப் போனஸோடு ஊருக்குப் போனால் அண்ணன் சொல்வார்: "நீ அங்க கொட்டுற உப்பத்தான்டா நாங்க இங்க குடிக்கிறோம்." என்ன பதில் சொல்வது? அந்தப் போனஸில்தான் அவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் வெளியே விடும் கழிவுக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதம் விதித்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளின் மின் இணைப்பு போனது. எங்கள் பட்டறையும் அதில் ஒன்று. ஏழு மாதம் சம்பளம் இல்லை. அப்போது கோர்ட்டை நானும் திட்டினேன். இப்போது திட்டமாட்டேன்.

இன்றைக்குத் திருப்பூரில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்பது விதி. ஆர்.ஓ.வில் வடித்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பட்டறைக்கே அனுப்புகிறார்கள். உண்மையிலேயே பெரிய சாதனை. ஆனால் கரண்டு, விறகு, ஆர்.ஓ.வில் வடிகட்டும் மெம்பிரேன் எல்லாம் காசு. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடக்கிறது. இந்தச் செலவை எல்லாம் சுமப்பது ஜாப் வொர்க், அதாவது கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் பட்டறைக்காரர். எக்ஸ்போர்ட்டர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறை என்பார். கேட்டால், வெளிநாட்டுக்காரன் குறைக்கச் சொல்கிறான் என்பார். அந்த இரண்டு ரூபாய்க்காகத்தான் ராத்திரியில் பைப்பைத் திருப்பிவிடுகிற ஆளும், காவிரிக்கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாமல் பட்டறை போடுகிற ஆளும் முளைக்கிறார்கள். அதிகாரிகள் இடிக்கிறார்கள், நீங்கள் படம் போடுகிறீர்கள், மறுபடி முளைக்கிறது. ஒழுங்காகச் சுத்திகரிப்பவர்தான் கடைசியில் ஆர்டரை இழக்கிறார்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. சாயக் கூலி பில்லில் சுத்திகரிப்புச் செலவைத் தனித் தொகையாகப் போடச் சொல்லுங்கள், ஜி.எஸ்.டி. போடுகிற மாதிரி. ஜி.எஸ்.டி.யில் யாராவது பேரம் பேசுகிறார்களா? கூலியில் பேசட்டும், அந்தத் தொகையில் பேசக்கூடாது. கிலோவுக்கு எவ்வளவு என்பதை அரசும் சங்கங்களும் உட்கார்ந்து நிர்ணயிக்கலாம். அது திருப்பூருக்கு மட்டும் என்றிருந்தால் வேலை அடுத்த ஊருக்கு ஓடிவிடும். ஈரோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் கரூருக்கும் அதே தொகைதான் இருக்க வேண்டும்.

அப்புறம், மாசு கட்டுப்பாட்டு வாரியம் குழாயை மோப்பம் பிடிப்பதை விட்டுவிட்டு உப்புப் பில்லைப் பார்க்கட்டும். தண்ணீர் மீட்டரை ஏமாற்றலாம், மழை நாளில் கழிவைக் கலந்து விடலாம். உப்பு லாரியில் வருகிறது, எடை போட்டு இறங்குகிறது, அதற்குப் பில் இருக்கிறது. இத்தனை டன் வாங்கினாய், சுத்திகரிப்பு நிலையத்தில் இத்தனை டன் திரும்ப வந்தது, ஷெட்டில் இத்தனை மூட்டை கிடக்கிறது, மீதி எங்கே? துல்லியமாக வராது, ஒப்புக்கொள்கிறேன். நூற்றுக்குப் பத்து கூடக் குறைய இருக்கும். பாதியைக் காணோம் என்றால் அது ஆற்றில்தான் இருக்கிறது.

கூட்டிக் கழித்துப் பார்க்க ஆள் இல்லை என்று வாரியம் சொல்லலாம். சென்னிமலை டீக்கடையில் என்னைப் போல வேலையில்லாத மாஸ்டர்கள் நாலைந்து பேர் தினமும் காலையில் உட்கார்ந்திருக்கிறோம். கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாய மாஸ்டர் ஒருவர்,
சென்னிமலை.