எட்டாம் வகுப்புப் பெற்றோருக்கு: மார்ச் மாத மலை நடை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். மார்ச் மூன்றாவது சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நம் பள்ளிக்குப் பின்னால் தெரியும் மலைக்கு ஒரு நாள் நடையாக அழைத்துச் செல்கிறோம். காலை 7.30 மணிக்குப் பள்ளி வாசலில் கூடி, 8 மணிக்கு அடிவாரத்திலிருந்து ஏறத் தொடங்குவோம். மாலை 4.30 மணிக்குள் திரும்பிவிடுவோம்.

எல்லாப் பருவத்திலும் நான் அந்த மலையில் நடந்திருக்கிறேன். குளிர்காலம் முடிந்தும் முடியாமலும் இருக்கிற இந்த நாட்களைப் போல வேறெந்த நாளும் எனக்குப் பிடித்ததில்லை. வெயில் படும் சரிவில் சின்னச் சின்னப் பூக்கள் வந்திருக்கும். மரங்கள் இலைவிட்டு நிழல் போடுவதற்குள் பூத்துக் காய்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவற்றுக்கு. அதே மலையின் மறுபக்கம், வெயில் எட்டாத பள்ளங்களில், பழைய பனி இன்னும் கிடக்கும். ஒரே பாதையில் இரண்டு பருவங்களையும் பார்த்துவிடலாம்.

காலையில் பாதையோர ஈரமண்ணைக் குனிந்து பார்க்கச் சொல்லப் போகிறேன். இரவுக் குளிரில் மண்ணின் மேற்பரப்பு உறையும்போது அடியிலுள்ள ஈரம் மேலே இழுபட்டு, தலைமுடி போல மெல்லிய பனி ஊசிகளாக நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு ஊசியின் தலையிலும் ஒரு துளி மண், சில இடங்களில் சிறு கல்கூட இருக்கும். வெயில் ஏறியதும் எல்லாம் கரைந்து கல் புரளும். காலையில் இறுகியிருந்த பாதை மதியம் வழுக்குவது இதனால்தான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்துபோகிற மண் அரிப்பைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் பார்ப்பார்கள். பாறைகளில் படர்ந்த பாசிக்காளான்களை (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன்களை) சுரண்ட விடமாட்டோம். அவற்றில் சில வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை.

இனி முக்கியமான விஷயம். உச்சிக்கு 6 கிலோமீட்டர் பாதை, 600 மீட்டர் ஏற்றம். மலை நடைக்கு நேரம் கணக்கிட, 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அதன்படி இரண்டே கால் மணி நேரத்துக்குள் உச்சியை எட்டிவிடலாம். ஆனால் அது நிற்காமல் நடக்கும் பெரியவர்களுக்கான கணக்கு. பார்க்கவும் இளைப்பாறவும் சேர்த்து நாங்கள் மூன்றரை மணி நேரம் வைத்திருக்கிறோம். மெதுவாக நடக்கிற பிள்ளைகள்தான் முன்னால் போவார்கள். மற்றவர்கள் அவர்கள் வேகத்துக்கு நடப்பார்கள். முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர்.

பகல் 12 மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்பிவிடுவோம். உச்சி கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தாலும் சரி. இதில் எந்தப் பிள்ளையின் கெஞ்சலுக்கும் நான் இளகப் போவதில்லை. மார்ச்சில் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். களைத்த கால்களோடு இருட்டில் இறங்கக் கூடாது. உச்சிப் பனி வெயிலில் உருகுவதால் காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை மாலைக்குள் பெருகிவிடும். அதனால் இறங்கும்போது ஓடையைக் கடக்காமல் பாலத்து வழியாகச் சுற்றி வருவோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் “உச்சிவரை போனாயா?” என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி காத்திருக்கிறது என்று தெரிந்தால் முழங்கால் வலித்தாலும் பிள்ளை வாய் திறக்காது. குளிர்ந்தாலும் சொல்லாது. என்ன பார்த்தாய், யாரோடு நடந்தாய் என்று கேளுங்கள்.

உடை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கிறேன். 600 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 4 டிகிரி செல்சியஸ் குறையும். காற்று வீசினால் உடம்புக்கு இன்னும் குளிராகத் தெரியும். பருத்தி உடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். ஏறும்போது தெரியாது, உட்கார்ந்ததும் நடுங்க வைக்கும். ஜீன்ஸும் அப்படித்தான். கம்பளி ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு, ஒரு மாற்று பனியன், இரண்டு ஜோடி காலுறை போதும். புது ஷூ வேண்டவே வேண்டாம். பழகிய ஷூவில் அடிப்பாகம் தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மதிய உணவு, தண்ணீர் பாட்டில், தொப்பி கொடுத்தனுப்புங்கள். பனி வெயிலைத் திருப்பி அடிக்கும் என்பதால் முகத்துக்கு சன்ஸ்கிரீன் தடவிவிடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் பள்ளி ஒரு விசில் தரும். ஆபத்தில் நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். பதிலுக்கு 3 முறை ஒலி வரும். முந்தின வாரம் விளையாட்டு வகுப்பில் இதைப் பழக்குவோம். வீட்டில் ஊதிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாலை வானிலை அறிக்கையில் இடி மின்னலோ பலத்த காற்றோ சொன்னால் நடையை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்து, இரவு 8 மணிக்குள் செய்தி அனுப்புவோம்.

ஆஸ்துமா, ஒவ்வாமை, அண்மையில் ஏற்பட்ட சுளுக்கு எதுவானாலும் ஒப்புதல் படிவத்தில் எழுதுங்கள். யாரையும் ஒதுக்குவதற்காகக் கேட்கவில்லை. இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை யார் பக்கத்தில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்யவே கேட்கிறோம். நீண்ட நேரம் நடக்க முடியாத பிள்ளைகளுக்காக முதல் ஒன்றரை கிலோமீட்டர் சமதளக் காட்டுப்பாதையில் தனிக்குழு உண்டு. பூக்கள் அதிகமும் அங்கேதான்.

படிவத்தை வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எங்களோடு நடக்க விரும்பும் பெற்றோர் படிவத்தின் அடியில் பெயரும் கைபேசி எண்ணும் எழுதுங்கள். ஆறு பேர்வரை தேவைப்படுகிறார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்