அரை லிட்டர் தண்ணீரும் ஆறேழு பேரும்

கதிர்வீச்சுப் பிரிவில் இருக்கும் எல்லோருக்கும், சிறுநீரகப் பிரிவு டாக்டருக்கும், நர்ஸம்மாவுக்கும் வணக்கம்.

தோளில் துண்டும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக 20 நாள் வந்து உட்கார்ந்த ரிட்டயர்டு கண்டக்டர் எழுதுகிறேன்.

ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்ததை வயசுக்கோளாறு என்று ஒரு வருஷம் ஓட்டினேன். புராஸ்டேட் சுரப்பியின் கோளாறைக் காட்டும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் 18 என்று கூடுதலாக வந்து, சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்த பயாப்சியில் புராஸ்டேட் புற்றுநோய், அதன் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் கணக்கு 4+3 என்று தெரிந்த பிறகு, வேறோர் இடத்தில் ஒருவர் ஆபரேஷன் என்றார், இன்னொருவர் கரண்ட் வைக்கணும், அதாவது கதிர்வீச்சு கொடுக்கணும் என்றார். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஃபைலோடு நடுவில் ஓடியது நான்.

நீங்கள் என் ஸ்கேனை வைத்து எல்லோருமாக உட்கார்ந்து பேசினீர்கள். அதற்கு டியூமர் போர்டு என்று பேராம். அப்புறம் ஆபரேஷன் செய்யும் டாக்டரே வந்து, "ஐயா, ஸ்டென்ட் வைச்சிருக்கீங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்க. உங்களுக்குக் கரண்டுதான் நல்லது" என்றார். தன்னிடம் வந்த கேஸை இன்னொருவரிடம் கொடுக்கும் டாக்டரை அன்றுதான் பார்த்தேன். கரண்டோடு சேர்த்துப் போடும் ஹார்மோன் ஊசி இதயத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இதய டாக்டரிடமும் நீங்களே கேட்டுவிட்டீர்கள். காப்பீட்டுத் திட்டத் தாள்களைச் சரிசெய்து தந்த அம்மாவுக்கும் ஒரு கும்பிடு.

மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் விலகித் தப்பும் என்று தினமும் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னீர்கள். முப்பது வருஷம் பஸ்ஸில் அடக்கிப் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன். இரண்டாம் வாரமே அந்தப் பெருமை போயிற்று. ஒருநாள் மெஷின் தாமதமாகி, பெஞ்சிலேயே வேட்டி நனைந்துவிட்டது. டெக்னீஷியன் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் பச்சை கவுனை மடியில் போட்டு, எனக்கு முன்னால் மறைத்தபடி பாத்ரூம் வரை நடந்தார். வீட்டில்கூட நான் சொல்லவில்லை. மறுநாள் நர்ஸம்மா மூத்திரத்தை அடக்கும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சி சொல்லித்தந்தார், டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். மெஷின் தாமதமானால், "ஐயா, இப்பக் குடிக்காதீங்க, நான் சொல்றேன்" என்று தம்பி வெளியே வந்து சொல்வார்.

ஹார்மோன் ஊசியால் நடுராத்திரியில் குப்பென்று வியர்க்கிறது. "எனக்கு அம்பது வயசுல வந்தப்ப ஃபேனைக் கூட்டச் சொன்னா முறைச்சீங்களே" என்கிறாள் வீட்டுக்காரி.

போன வாரம் பி.எஸ்.ஏ. 0.1. அடுத்த செக்கப்புக்கு முறுக்கு கொண்டுவருகிறேன். என் உப்பைக் குறைத்த டயட்டீஷியன் அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.