எண்மர் கூடாரமும் இளையோர் கல்வியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைய ரோமானியப் படைவீரர்களைப் போல உடுத்து, கூடாரத்தில் தங்கி, அவர்கள் செய்த பயிற்சிகளைத் தாமும் செய்து பார்ப்பதன் வழியாக இளையோர் கல்வி பெறும் பாசறைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். அதனுடன் வந்த படத்தில், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் சிவப்புக் கேடயங்களைத் தலைக்கு மேலும் பக்கங்களிலும் நெருக்கிப் பிடித்து, ஆமையோடு போல ஒடுங்கி நின்றிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பிரித்தானியாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவள், இத்தகைய பாசறைகளுக்கு மூன்று முறை மாணவர்களை அழைத்துச் சென்றவள் என்ற முறையில், அக்கட்டுரை வாள், கேடயம், அணிவகுப்பு, கட்டளைக்குக் கீழ்ப்படிதல் ஆகியவற்றோடு நின்றுவிட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. ரோமானியப் படைவாழ்க்கையில் பிள்ளைகள் கற்றுக்கொள்ளத் தக்கவற்றில் பெரும்பகுதி போர்க்களத்துக்கு வெளியேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அதை எழுதவே இக்கடிதம்.

ரோமானியப் படையின் அடிப்படை அலகு எட்டுப் பேர். நூற்றுவர் பிரிவு என்று பெயர் பெற்ற ‘செஞ்சுரி’யில் பேரரசுக் காலத்தில் இருந்தவர்கள் நூறு பேர் அல்லர், 80 பேர்தான், அவர்கள் எட்டெட்டுப் பேராகப் பத்துக் குழுக்களாகப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தோல் கூடாரம், அதைச் சுமக்க ஒரு கோவேறு கழுதை, தானியம் அரைக்க ஒரு திரிகை. லத்தீனில் ‘கொந்துபெர்னியம்’ என்று வழங்கிய இந்தக் குழுவுக்கு ஒரே கூடாரத்தில் உறைபவர்கள் என்பதே பொருள். படையினருக்கு ரொட்டி சமைத்துத் தரப்படவில்லை. கோதுமையாகவே அளந்து கொடுக்கப்பட்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் போலிபியஸ், ஒரு காலாள் வீரனுக்கு மாதந்தோறும் கிடைத்த கோதுமையின் அளவைக் குறித்து வைத்திருக்கிறார்; இன்றைய அளவில் அது ஏறத்தாழ 35 லிட்டர். நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டாலும், எட்டுப் பேருக்கு ஏழு கிலோ வரை தினமும் யாரோ அரைத்தாக வேண்டும். பகலெல்லாம் நடந்து, அகழி தோண்டி, அதற்குப் பிறகு அரைத்தாக வேண்டும்.

நான் மாணவர்களோடு சென்ற முதல் பாசறையில், இரண்டாம் நாள் காலையில் இது அவர்களுக்கு விளங்கியது. எட்டுப் பேரின் நடுவே ஒரு கல் திரிகையையும் ஒரு சிறு மூட்டைக் கோதுமையையும் வைத்துவிட்டுப் பொறுப்பாளர் போய்விட்டார். காலை உணவு எங்கே என்று கேட்டவர்களுக்கு அதுதான் காலை உணவு என்பது புரியவே சற்று நேரமாயிற்று. முதலில் உட்கார்ந்த மாணவன், கை நிறையக் கோதுமையைக் குழியில் கொட்டி வேகவேகமாகச் சுற்றினான். பாதி மணிகள் உடையாமலேயே விளிம்பில் சிதறி விழுந்தன. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி, ஒருவர் சிறிது சிறிதாகக் கோதுமையை இட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் அவசரமில்லாமல் ஒரே சீராகச் சுற்றலாம் என்றாள். சொன்னதோடு நில்லாமல் முழந்தாளிட்டு அமர்ந்து சுற்றியும் காட்டினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் மாறி மாறி அரைத்தும், கிடைத்த மாவு அந்த ஒரு வேளைக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. அடுப்புக்கல்லில் சுட்ட ரொட்டி வெளியே கருகி, உள்ளே வேகாமல், கடித்தால் கல் நெறுநெறுத்தது. ஒருவன் மட்டும் கை வலிக்கிறது என்று சொல்லித் தன் முறை வந்தபோது எழுந்து போயிருந்தான். அவனை யாரும் ஏசவில்லை. ரொட்டியைப் பிய்க்கும்போது அவனுக்கும் சமமாகவே ஒரு துண்டு வைத்தார்கள். அதைச் சாப்பிட்டு முடித்ததும், யாரும் சொல்லாமலேயே அவன் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனதைப் பார்த்தேன். என் பணிக்காலத்தில் ஒழுக்கத்தைப் பற்றி நான் நிகழ்த்திய எந்த உரையும் அந்தப் பையனிடம் அவ்வளவு தூரம் எட்டியதில்லை.

வீரர்கள் பெரும்பாலான நாட்களைச் சண்டையில் கழித்தார்கள் என்று எண்ணுவது பிழை. ரோம் நகரில் கி.பி. 113இல் பேரரசர் டிராஜனுக்காக எழுப்பப்பட்ட டிராஜன் தூணைச் சுற்றி மேலேறும் சிற்பங்களைப் பார்த்தாலே இது தெரியும். டேசியா எனப்பட்ட இன்றைய ருமேனியப் பகுதியில் நடந்த டேசியப் போர்களின் வெற்றிச் சின்னமாக எழுந்த அந்தத் தூணிலேயே, வாள் வீசும் வீரர்களைவிட மரம் வெட்டுகிற, மண் சுமக்கிற, கோட்டைச் சுவர் கட்டுகிற வீரர்கள் நிறைந்திருக்கிறார்கள். ஓரிடத்தில் விளைந்த கதிரை அறுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். ஒரு நாள் நடைப்பயணம் முடிந்த இடத்தில் பாசறையை அமைப்பதே அவர்களின் அன்றைய இறுதிப் பணி. எந்த நாட்டில் தங்கினாலும் பாசறையின் அமைப்பு ஒன்றுபோலவே இருந்ததால், வீரர்கள் தம் சொந்த ஊருக்குள் நுழைந்து அவரவர் வீட்டுக்குப் போவதுபோலத் தங்கள் இடத்துக்கு நேரே போனார்கள் என்கிறார் போலிபியஸ்.

இந்த அமைப்பைத் தரையில் குறிக்கப் பயன்பட்ட கருவி ‘குரோமா’. ஒரு கம்பத்தின் உச்சியில் கிடையாகப் பொருத்திய குறுக்குச் சட்டத்தின் நான்கு முனைகளிலிருந்தும் நான்கு தூக்குக்குண்டுகள் தொங்கும். எதிரெதிர் கயிறுகளை ஒன்றன்பின் ஒன்றாக மறையும்படி பார்த்தால் நேர்கோடும் செங்கோணமும் கிடைத்துவிடும். இத்தகைய ஒரு கருவியின் உலோகப் பாகங்கள் பொம்பெய் நகரின் இடிபாடுகளில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. காற்றில் குண்டுகள் ஆடிக்கொண்டிருக்க, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கயிற்றைப் பார்த்துக்கொண்டு, தொலைவில் கோலோடு நிற்கும் தோழனை இடப்பக்கம் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையசைத்து நகர்த்தும் பிள்ளைகளுக்கு வடிவியல் புத்தகத்திலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிடுகிறது. முதல் முறை அவர்கள் வரைந்த சதுரத்தின் கடைசி மூலை ஓரடி விலகிப் போயிற்று. பிழை எங்கே நேர்ந்தது என்று அவர்களே திரும்ப நடந்து தேடினார்கள்.

எழுத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வட இங்கிலாந்தில், பின்னாளில் ஹேட்ரியன் சுவர் எழுந்த எல்லைக்கு அருகிலுள்ள விண்டொலாண்டா கோட்டையில் 1973ஆம் ஆண்டு முதல் கிடைத்துவரும் மெல்லிய மர ஏடுகளை அறிந்தவர்களுக்கு, ரோமானியப் படை எந்த அளவுக்கு எழுத்தால் இயங்கியது என்பது தெரியும். முதலாம் துங்ரியர் படைப்பிரிவின் ஒரு நாள் கணக்கு அவற்றில் இருக்கிறது: மொத்தம் 752 பேர்; பல இடங்களுக்குப் பணிக்குப் போனவர்கள் 456 பேர்; கோட்டையில் இருப்பவர்கள் 296 பேர்; அவர்களில் நோயுற்றவர்கள் 15, காயமுற்றவர்கள் 6, கண்நோய் உள்ளவர்கள் 10; பணிக்குத் தகுதியானவர்கள் 265 பேர். பெரும் பேரரசின் எல்லைக் கோட்டையில் அன்று கண்நோயால் வாடியவர்களைக்கூட ஒருவர் உட்கார்ந்து எண்ணி எழுதியிருக்கிறார் என்பதை வகுப்பில் படித்துக் காட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும். இதே முறையில் ஒவ்வொரு கூடாரத்தின் காலைக் கணக்கையும் பிள்ளைகளையே எழுதச் சொன்னோம். யார் காலில் கொப்புளம், யார் இரவு தூங்கவில்லை என்பதை எழுத வேண்டுமானால் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஒருவரையொருவர் நலம் கேட்கும் பழக்கம் அந்தக் கணக்கால் வந்தது.

இனி, கட்டுரையில் புகழப்பட்ட கண்டிப்பு. ரோமானியப் படையின் கட்டுப்பாடு அச்சத்தின் மேலும் நின்றது என்பதை மறைக்கக் கூடாது. இரவுக் காவலில் உறங்கியவனை உடன் வீரர்களே கழியாலும் கல்லாலும் அடித்துக் கொல்லும் தண்டனை இருந்தது. நூற்றுவர் தலைவனின் கையிலிருந்த திராட்சைக் கொடிக் கம்பு அடிப்பதற்கென்றே இருந்தது. வீரர்களின் முதுகில் ஒரு கம்பு முறிந்ததும் ‘இன்னொன்று கொடு’, அதுவும் முறிந்தால் ‘இன்னொன்று’ என்று கேட்டுக் கேட்டு அதுவே பட்டப்பெயராகிவிட்ட லூசிலியஸ் என்ற தலைவனைப் பற்றி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். கி.பி. 14இல் பேரரசர் அகஸ்டஸ் இறந்த செய்தி வந்ததும் டான்யூப் ஆற்றங்கரை மாகாணமான பன்னோனியாவில் கலகம் செய்த படையினர் அந்த லூசிலியஸைக் கொன்றார்கள். அதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு சான்றும் உண்டு. கி.பி. 128இல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள லம்பேசிஸ் பாசறைக்கு வந்த பேரரசர் ஹேட்ரியன், படையினரின் பயிற்சிகளை நேரில் பார்த்து ஆற்றிய உரை கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. கடினமான சரளை மண்ணை நேராக வெட்டி, பக்கங்களை வழவழப்பாக்கி அகழி அமைத்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டுகிறார். தமக்குப் பிடிக்காத ஒரு குதிரைப்படைப் பயிற்சியைக் காரணம் சொல்லிக் குறை கூறுகிறார். செய்த வேலையைக் கூர்ந்து பார்த்து, நல்லதை இன்னதென்று சொல்லி, தவற்றையும் இன்னதென்று சொல்வதற்கு மேல் ஓர் ஆசிரியர் என்ன செய்ய முடியும்? இளையோர் பாசறை நடத்துவோர் இந்தக் கல்வெட்டை ஒரு முறையேனும் படித்திருக்க வேண்டும். நான் சென்ற ஒரு பாசறையில், நூற்றுவர் தலைவனாக வேடமிட்ட பயிற்றுநர் ஒருவர், கேடயம் நழுவிய பையனை எல்லோர் முன்னும் கம்பால் தலைக்கவசத்தில் தட்டித் தட்டிக் கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன் மறுநாள் தன் தாயோடு வீட்டுக்குப் போய்விட்டான். வரலாற்றுப் பாடத்தையும் அடுத்த ஆண்டு விட்டுவிட்டான். அன்றே நான் குறுக்கிட்டிருக்க வேண்டும்.

இதைவிடக் கனமான எச்சரிக்கை 20ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. இத்தாலியில் முசோலினியின் ஆட்சி 1926இல் தொடங்கிய பலில்லா அமைப்பு, சிறுவர்களைப் பழைய ரோமானியப் படையின் பெயர்களைக் கொண்ட பிரிவுகளாக்கி, கருஞ்சட்டை அணிவித்து, ரோமானிய வணக்கம் என்று சொல்லிக் கையுயர்த்த வைத்து, அவர்களுக்கேற்ற சிறிய துப்பாக்கியோடு அணிவகுக்கச் செய்தது. ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக்கூட ‘ஓநாயின் பிள்ளைகள்’ என்று பெயரிட்டுச் சீருடை கொடுத்தார்கள். ரோமைப் பற்றிய வரலாற்றுணர்வு அங்கே வளர்க்கப்படவில்லை. கேள்வி கேட்காத பணிவையும் ஏதோ ஒரு பழைய பெருமைக்கு வாரிசு என்ற மயக்கத்தையும் வளர்க்க ரோம் கருவியாயிற்று. ஆகவே பிள்ளைகளுக்குக் கவசம் அணிவிக்கும் எவரும், அந்தக் கவசம் அணிந்தவர்கள் கி.மு. 146இல் கார்த்தேஜையும் கொரிந்த் நகரையும் அழித்து, உயிர் பிழைத்தவர்களை அடிமைகளாக விற்றதையும் அதே பாசறையில் சொல்லித்தான் ஆக வேண்டும். டிராஜன் தூணிலேயே வெட்டிய தலைகளைப் பேரரசர் முன் நீட்டும் வீரர்கள் இருக்கிறார்கள். அந்தப் படத்தையும் பிள்ளைகள் பார்க்கட்டும். கேடயச் சுவருக்குள் நின்ற பிறகு, அந்தச் சுவர் தம்மை நோக்கி வருவதைப் பார்த்த டேசியக் கிராமத்தார் பக்கமும் அவர்கள் ஒரு முறை நிற்கட்டும்.

நடைப்பயிற்சி பற்றியும் ஒரு திருத்தம் தேவை. ஐந்து மணி நேரத்தில் 20 மைல் நடக்கச் செய்வது ரோமானிய வழக்கம் என்று கட்டுரையில் இருந்தது. வெகெட்டியஸ் என்ற ரோமானிய நூலாசிரியர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்; ஆனால் அவர் சொல்வது ரோமானிய மைல், கோடைக்கால மணி. ரோமானியர்கள் பகல் பொழுதைப் பன்னிரண்டாகப் பகுத்ததால், கோடையில் அவர்களின் ஒரு மணி நம் கணக்கில் ஏறத்தாழ 75 நிமிடம். ஆக, 30 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவை ஆறே கால் மணி நேரத்தில் கடக்க வேண்டும். அதுவும் வளர்ந்த ஆண்களுக்கு, மாதக்கணக்கான பழக்கத்துக்குப் பின். அதே நூலில் வரும் 60 ரோமானிய ராத்தல் சுமை இன்றைய அளவில் ஏறத்தாழ 20 கிலோ. பதினான்கு வயதுத் தோளில் அதை ஏற்றுவது வரலாற்று உண்மைக்காக என்றாலும் ஏற்கத்தக்கது அன்று. நடையைப் பத்துக் கிலோமீட்டராகக் குறைத்து, சுமையை உடல் எடைக்கேற்ப அளந்து, மிக மெதுவாக நடப்பவரை வரிசையின் முன்னால் விட்டு அவர் வேகத்தில் எல்லோரும் நடந்தால், வரிசை குலையாமல் போய்ச் சேரும். எங்கள் மாணவர்கள் இதை மூன்றாம் முறைதான் கண்டுபிடித்தார்கள். நாங்கள் சொல்லித் தரவில்லை.

பெற்றோர்கள் இத்தகைய பாசறைக்குப் பிள்ளைகளை அனுப்புமுன் மாவு அரைப்பது யார், கணக்கு எழுதுவது யார், கம்பு யார் கையில் இருக்கிறது, தோற்ற மக்களின் கதையை யார் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நல்ல பாசறை நடத்துபவர்கள் இவற்றுக்கு மகிழ்ச்சியோடு விடை சொல்வார்கள். தாங்கள் இப்பொருளைப் பற்றி மீண்டும் எழுதும்போது, கேடயச் சுவரின் படத்தோடு, முழந்தாளிட்டுத் திரிகை சுற்றும் ஒரு பிள்ளையின் படத்தையும் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை