குடிக்காத உனக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டாம், செல்வி

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். கப்பல் பயணத்தில் மாப்பிள்ளைக்கு மது பேக்கேஜ், அதாவது நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு பானங்களை வாங்கிக்கொள்ளும் திட்டம், எடுத்தால் குடிக்காத நீயும் எடுக்க வேண்டுமா என்று போனில் கேட்டாய். அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கப்பல் விஷயம், அதிலும் பார் விஷயம். நிதானமாக எழுதிவிட்டால் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படித்து முடிவு செய்துகொள்ளலாம்.

"பரவாயில்லப்பா, ரெண்டு பேருக்கும் பேக்கேஜ் கட்டிட்டு நான் ஜூஸ் குடிச்சுக்கிறேன்" என்று சொன்னாயே, அது வேண்டாம். மூட்டுவலிக்கு வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறாய். அந்த மாத்திரையே கல்லீரலுக்குப் பாரம். அதன் மேல் மது சேரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ குடிக்காமல் இருப்பது வைத்தியம். வைத்தியத்துக்காக எவனுக்கும் நீ அபராதம் கட்டத் தேவையில்லை.

நீங்கள் அமெரிக்காவின் டெக்சாஸில் இருக்கும் கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஏறப் பார்ப்பது ராயல் கரீபியன் கப்பல். அவர்களுடைய டீலக்ஸ் பெவரேஜ் பேக்கேஜை ஒரே அறையில் தங்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால், மது குடிக்கும் வயதுள்ள மற்றவர்களும் வாங்க வேண்டும். அமெரிக்காவில் கிளம்பும் கப்பல்களில் அந்த வயது 21. பயணத்தின் எல்லா நாளுக்கும் சேர்த்துத்தான் வாங்க முடியும். கடலில் இருக்கும் நாளுக்கு மட்டும் என்று பிரித்து வாங்க முடியாது. அதே துறைமுகத்திலிருந்து கிளம்பும் கார்னிவல் கப்பல்களில் இதன் பெயர் சியர்ஸ். அங்கேயும் ஒரே அறையில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும். கூடவே காலை 6 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை 15 மது பானங்கள்தான் என்ற உச்சவரம்பும் உண்டு. ஆகவே கப்பலை மாற்றினால் தப்பிக்கலாம் என்று நினைக்காதே.

இந்த விதி எதற்காக வந்தது என்பதை என்னைப் போலக் கப்பல் பாரில் வேலை பார்த்தவன் எவனும் சொல்வான். புருஷன் பேக்கேஜ் எடுப்பார், மனைவி எடுக்க மாட்டார். அவர் பேக்கேஜ் பதிந்த தன் கப்பல் கார்டைக் கொடுத்து ஒரு கிளாஸ் வாங்கிப்போய் மேஜையில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து இன்னொன்று கேட்பார். முதல் கிளாஸ் யார் கைக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் விருந்தாளியிடம் போய்க் கேட்க முடியுமா? எத்தனையோ ராத்திரி இதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள், நம் ஆட்கள் என்று வித்தியாசம் கிடையாது. இந்தக் கசிவை அடைக்கத்தான் அறைக்கு ஒரே சட்டம் என்று கம்பெனிகள் கொண்டுவந்தன. அவர்கள் பக்கம் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர், மதத்தால் தொடாதவர், குடியை விட்டு மீண்டு வந்தவர் எல்லோரையும் திருட்டுத்தனமாகக் குடிக்கப்போகிறவர்களாகவே எண்ணி எழுதிய விதி இது. அந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே வேலை பார்த்த காலத்திலும் உடன்பாடு இருந்ததில்லை.

சரி, விலைக்கு வருவோம். கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். கணக்குக்காக ஒரு நாளைக்கு 80 டாலர் என்று வைத்துக்கொள். அதன் மேல் 18 சதவீதம் டிப்ஸ் தானாகச் சேரும். ஆக 94 டாலர் 40 சென்ட். ஏழு இரவுக்கு ஓர் ஆளுக்கு 660 டாலரைத் தாண்டும்; இரண்டு பேருக்கு 1,321 டாலர். அதில் பாதி, நீ குடிக்காத மதுவுக்கு!

மாப்பிள்ளைக்கு மட்டும் என்றாலும் அது கட்டுப்படியாகுமா என்று பார். ஒரு காக்டெய்ல் 14 டாலர் என்றால் டிப்ஸோடு பதினாறரை. போட்ட காசு திரும்ப வர அவர் தினமும் ஆறு காக்டெய்ல் குடிக்க வேண்டும். பீர் 8 டாலர் என்றால் தினமும் பத்து பீர். மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இறங்கிச் சுற்றப்போகிற நாளிலும் அதே பத்து. கரையில் கடையில் குடிப்பது பேக்கேஜில் வராது. நம் மாப்பிள்ளை கல்யாண வீட்டில் ஒரு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுகிறவர். அவருக்கு எதற்கு இது? சேர்ந்து வருகிற நண்பர்கள் எல்லோரும் எடுக்கிறார்கள் என்பதற்காக எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். பேக்கேஜ் எடுத்தவர்கள் குடிக்க ஆசைப்பட்டுக் குடிப்பதை விட, காசு போச்சே என்று குடிப்பதுதான் அதிகம். பாதி கிளாஸை வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள். நான்காவது நாள் முகமே வீங்கியிருக்கும். கூட வந்த மனைவியும் பிள்ளைகளும் சாயங்காலத்தில் தனியாக நடந்துகொண்டிருப்பார்கள்.

ஆகவே என் யோசனை, பேக்கேஜே வேண்டாம். மாப்பிள்ளை வேண்டியபோது ஒன்று வாங்கிக்கொள்ளட்டும், அது அறைக் கணக்கில் ஏறும். கப்பல் ஏறும் நாளில் பெரியவர் ஒருவருக்கு 750 மில்லி வைன் பாட்டில் ஒன்று கையில் கொண்டுபோக அனுமதி இருக்கிறது. அதை அறையிலேயே வைத்துக் குடிக்கலாம். சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப்போனால் கார்க்கேஜ் என்று தனிக் கட்டணம் கேட்பார்கள். தண்ணீர், சாதாரண காபி, டீ, லெமனேட், காலைச் சாப்பாட்டோடு ஜூஸ் எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். ஒரு பைசா அதிகம் கட்டாமலே உன் பாடு ஓடிவிடும்.

இல்லை, அவர் பேக்கேஜ் எடுக்கத்தான் ஆசைப்படுகிறார் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வெப்சைட்டில் வாங்கப்போனால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் காட்டும். அங்கே வாங்காதே. கிளம்புவதற்கு வெகு நாள் முன்பே கம்பெனிக்கு நேரடியாகப் போன் பண்ணு. ஒரே அறையில் ஒருவர் மருத்துவக் காரணத்தால் மது குடிக்க முடியாது, அவருக்கு ரிஃப்ரெஷ்மென்ட் பேக்கேஜ் போட்டுக் கொடுங்கள் என்று கேள். அது மது இல்லாதது. சோடா, மாக்டெய்ல் (மது சேர்க்காத காக்டெய்ல்), பாட்டில் தண்ணீர், நல்ல காபி, பிழிந்த ஜூஸ் எல்லாம் வரும். நாளைக்கு 30 டாலர் என்றால் ஏழு நாளுக்கு டிப்ஸோடு 248 டாலருக்குள் முடியும். 660 எங்கே, 248 எங்கே! உடம்புக்கு முடியாதவர்கள், கர்ப்பிணிகள், மதக் காரணம் சொல்கிறவர்கள் ஆகியோருக்கு இப்படி மாற்றிக் கொடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் இது அவர்கள் பார்த்துக் கொடுக்கிற சலுகை. நமக்கு உரிமை கிடையாது. ஒருவர் முடியாது என்றால் மரியாதையாக நன்றி சொல்லி வைத்துவிட்டு, மறுநாள் திரும்பக் கூப்பிடு. இன்னொருவர் எடுப்பார். சரி என்று சொன்னவரிடம் அதை உன் புக்கிங்கில் குறித்துவைக்கச் சொல். இமெயிலிலும் அனுப்பச் சொல். டாக்டரிடம் நாலு வரிக் கடிதம் ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொள். கேட்டால் காட்டலாம்.

கப்பல் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதே. ஏறிய அன்றைக்கு கெஸ்ட் சர்வீசஸ் என்ற பயணிகள் உதவி மேஜை முன்னால் நிற்கும் வரிசை உனக்குத் தெரியாது. அங்கே நிற்கும் பையனும் பெண்ணும் பாவம், அவர்கள் கையில் அதிகாரமும் குறைவு. கப்பலில் பேக்கேஜ் விலையும் பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். முன்கூட்டி வாங்கினால், புறப்படும் முன் விலை இறங்கும்போது ரத்து செய்துவிட்டு இறங்கிய விலைக்குத் திரும்ப வாங்கலாம். உனக்கென்று தனியாக மாற்றிக் கொடுத்திருந்தால், ரத்து செய்வதற்கு முன் போனில் ஒருமுறை கேட்டுக்கொள்.

அப்புறம் அந்த ஏஜென்ட் சொன்ன விஷயம். "கர்ப்பம்னு சொல்லிடுங்க மேடம், உடனே கொடுத்துடுவாங்க" என்றாராமே. இதை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்கு நெஞ்சு வலித்தது. உனக்கும் வலித்திருக்கும் என்று தெரியும். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திச் சில மாதமாவது கழிந்த பிறகுதான் குழந்தையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அந்த நாளுக்காக நீங்கள் இரண்டு பேரும் காத்திருப்பதும் எங்களுக்குத் தெரியாதா? 660 டாலருக்காக அந்த வார்த்தையை நீ வாயால் சொல்ல வேண்டாம். உண்மையாக வரும்போது முதலில் அம்மாவிடம் சொல்.

நடைமுறையிலும் அது ஆபத்து. கர்ப்பிணிகள் விஷயத்தில் கப்பல் கம்பெனிகள் ரொம்பக் கண்டிப்பு. பயணத்தின் எந்த நாளிலாவது 23 வாரத்தைத் தாண்டுவதாக இருந்தால் ராயல் கரீபியன் ஏற்றாது. கார்னிவலில் பயணம் முடிவதற்குள் 24-வது வாரம் தொடங்குவதாக இருந்தால் ஏற்ற மாட்டார்கள். பிரசவத் தேதி போட்டு, பயணத்துக்குத் தகுதி என்று டாக்டர் கடிதமும் கேட்பார்கள். பானத்துக்குச் சொன்ன பொய் துறைமுகத்தில் வந்து நிற்கும். உன்னிடம் உண்மையான காரணம் இருக்கிறது. "டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், மது கூடாது" என்று ஒரே வரியில் சொன்னால் போதும். எந்த மாத்திரை, என்ன நோய் என்று கூட வரும் நண்பர்களுக்கெல்லாம் நீ விளக்கம் சொல்ல வேண்டாம்.

இன்னொரு குறுக்கு வழியும் உங்கள் காதுக்கு வரும். மாப்பிள்ளை பெயரை ஒரு நண்பரின் அறையிலும் உன் பெயரை அவர் மனைவியின் அறையிலும் போட்டு புக் செய்துவிட்டு, உள்ளே போய் மாற்றிப் படுத்துக்கொள்வது. பலர் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரி உனக்கு உடம்பு முடியாமல் போனாலோ, அபாய ஒலி அடித்து ஆளை எண்ணினாலோ, நீ எந்த அறையில் இருக்கிறாய் என்று கப்பலின் பதிவேடு சரியாகச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை மட்டும் பேக்கேஜ் வைத்திருந்தால் அவர் கார்டில் நீ எதுவும் வாங்காதே. மது இல்லாத ஒரு மாக்டெய்ல் என்றாலும் கணக்குப்படி அது பகிர்வதுதான். கண்டுபிடித்தால் பேக்கேஜைப் பிடுங்கிவிடுவார்கள், பணமும் திரும்ப வராது. பார்டெண்டர் கண்டும் காணாமல் விடலாம், ஆனால் அவன் வேலைக்கு அது உலை. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து நிற்கிறவன் அவன்.

பாரில் நீ கவனமாக இருக்க வேண்டியதைச் சொல்கிறேன், இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மோகிட்டோவும் ரம் சேர்க்காத மோகிட்டோவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதே புதினா, அதே எலுமிச்சை, அதே கிளாஸ். கூட்ட நேரத்தில் ட்ரே மாறிப்போகும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே "மருந்து சாப்பிடுகிறேன், ஆல்கஹால் துளியும் கூடாது, வேறு வடிவக் கிளாஸில் கொடுங்கள்" என்று சொல். எந்த நல்ல பார்டெண்டரும் அதை மதிப்பான். நான் அப்படிச் சொன்னவர்களுக்கு ஷேக்கரைக் கழுவிவிட்டுத்தான் போட்டேன். மாக்டெய்லில் பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு போடுவார்களா என்று கேள். அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால். சில துளிதான் விடுவார்கள், இருந்தாலும் உனக்கு வேண்டாம். மது இல்லாத பீர் என்று விற்பதில் அரை சதவீதம் வரை இருக்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, பாட்டிலைத் திருப்பிப் பார்த்துக்கொள். ரம் கேக், டிராமிசு போன்ற இனிப்புகளில் சமைக்காத மது இருக்கலாம். சாப்பாட்டு மேஜைக்கு வரும் வெயிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் ஏழு நாளும் அவர் நினைவில் வைத்திருப்பார்.

மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறாய். உன்னால் அவர் சந்தோஷம் குறைகிறதோ என்று நீயாகவே நினைத்துக்கொண்டு பணத்தைக் கட்டப் பார்க்கிறாய். அவர் அப்படிப்பட்டவர் இல்லை, செல்வி. உனக்கு விரல் மடக்க முடியாமல் இருந்த மாதங்களில் உன் தலைமுடியைப் பின்னிவிட்டது யார்? இந்தக் கடிதத்தை அப்படியே அவரிடம் கொடு. கணக்கை அவரே போட்டுப் பார்க்கட்டும். நான் பேச வேண்டும் என்றாலும் பேசுகிறேன், ஞாயிறு காலை உங்களுக்குத் தோதுதானே?

அம்மா ஒன்று கேட்கச் சொன்னாள். நீ மாத்திரை சாப்பிடும் கிழமை பயணத்துக்குள் வருகிறதா? வருமென்றால் அந்த வார மாத்திரையும், ஃபோலிக் ஆசிட்டும், டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும். துறைமுகத்தில் போர்ட்டரிடம் கொடுக்கும் பெட்டி அறைக்கு வந்துசேர சாயங்காலம் ஆகிவிடும். மாத்திரையை டப்பாவிலிருந்து பிரித்துப் பொட்டலம் கட்டாதே, அது வந்த டப்பாவிலேயே எடுத்துப்போ. அந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும், அங்கே வெயில் கடுமை. தொப்பியும் முழுக்கைச் சட்டையும் எடுத்துக்கொள்.

கம்பெனிக்குப் போன் பண்ணிவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தகவல் அனுப்பு.

அன்புடன்,
அப்பா
தூத்துக்குடி