ஆசிட் வேண்டாம் தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நல்லா இருக்கோம். குளியலறைக் குழாயெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது, கடையில் ஆசிட் வாங்கி ஊற்றப் போகிறேன் என்று போனில் சொன்னாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. போனில் சொன்னால் பாதியைக் காதில் வாங்கமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை தவழ்கிற வீட்டில் ஆசிட் வேண்டவே வேண்டாம். அதன் புகை நெஞ்சை அடைக்கும், டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டை அரித்துவிடும், அப்புறம் தண்ணீர் கசிந்து கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

உன் சென்னை வீட்டு போர் தண்ணீரும் நம்ம தங்கச்சிமடத்து உப்புத் தண்ணீரும் செய்கிற வேலை ஒன்றுதான். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் காய்ந்து படிகிறது, பெரும்பாலும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பு புளிப்புக்குக் கரையும். வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, ஒரு பழந்துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டு அரை மணி நேரம் உன் வேலையைப் பார். அப்புறம் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் படிவு பொருக்காக உதிர்ந்து வரும். ராத்திரி முழுக்கக் கட்டி வைக்காதே, குழாயின் பளபளப்பு போய்விடும். ஷவருக்கு ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகரை ஊற்றி அதன் தலை முங்குகிற மாதிரி ரப்பர் பேண்டு போடு. கெட்டிலுக்கு எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஊற்றிக் கழுவினால் போதும். ஆனால் மார்பிள், கிரானைட் மேல் புளிப்பு எதுவும் படக்கூடாது, மார்பிள் சுண்ணாம்புக் கல்தானே, மங்கிப் போகும்.

மீன் வாசத்துக்கும் இதே புளிப்புதான். மருமகள் அரிவாள்மனையில் வாசம் போகவில்லை என்கிறாள், நீங்கள் சூடான தண்ணீரில் கழுவுகிறீர்கள் போல. சூடு பட்டால் மீனின் சத்தெல்லாம் வெந்து இரும்போடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசு, குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச்சக்கையைத் தூக்கிப் போடாமல் அதோடு கல்லுப்பு சேர்த்து அலகு நெடுக, அது கட்டையில் சேருகிற மூலையில் நன்றாக அழுத்தித் தேய், அந்த மூலையில்தான் செதிலும் ரத்தமும் தங்கும். மீன் வாசத்தைக் கிளப்புகிற பொருளைப் புளிப்பு மாற்றிவிடும், அப்புறம் தண்ணீரோடு போய்விடும். சூடை மீன், கணவாய் வெட்டிய கைக்கும் இதுவே போதும், எந்த வாசனை சோப்பும் இதற்கு ஈடாகாது. கழுவியதும் துடைத்துக் காயவை, கடல் காற்று படாத வீட்டிலும் இரும்பு துரு பிடிக்கும். பித்தளைக் குத்துவிளக்குக்கும் புளியும் உப்பும்தான், தேய்த்துக் கழுவி உடனே ஈரம் போகத் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி கறுத்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு வேறு சங்கதி, அதற்குப் புளிப்பு ஆகாது. முன்பெல்லாம் விறகுச் சாம்பல் இருந்தது, உனக்கு ஆப்ப சோடா இருக்கிறது. கொஞ்சம் தண்ணீரில் குழைத்து அடுப்பு மேல் பூசி, பதினைந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடை. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் போடாதே, கறுத்துவிடும்.

இப்போது எல்லா வீடியோவிலும் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு வெறும் உப்புத் தண்ணீராகிவிடும், உனக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. தனித்தனியாகவே பயன்படுத்து.

தம்பி, இதை மட்டும் மறக்காதே. நம்ம ஊரில் கிணற்றுக்குப் போடுவார்களே பிளீச்சிங் பவுடர், அதோடு வினிகர், எலுமிச்சை, ஆசிட் எதுவும் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், கதவு மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் கழிப்பறைக்கு பிளீச்சிங் பவுடர்தான் போடவேண்டும், கிருமி விஷயத்தில் வினிகரை நம்பி இருக்காதே. ஆனால் தனியாகப் போடு, ஜன்னலைத் திற, பிள்ளையை வேறு அறையில் வை.

தரைக்கு எலுமிச்சைத் தோல் ஊறல் போடலாம். வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊறவேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், உள்ளே வாயு சேர்ந்து வெடித்துவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து மூடு. எல்லா நோயையும் விரட்டும் என்கிறார்கள், அதை நான் நம்பவில்லை, தரை துடைக்க நல்லது, அவ்வளவுதான்.

மூன்று மாதம் யார் காத்திருப்பது என்பாய். சரி, சேது எக்ஸ்பிரஸில் உன் சித்தப்பா வருகிறார், பூந்திக்கொட்டை கொடுத்து அனுப்புகிறேன். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோகும், இது நுரைக்கும். உள்ளே இருக்கிற கறுப்பு விதையை எடுத்துவிட்டு, ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்துக் காலையில் கொதிக்கவிட்டுப் பிசைந்து வடிகட்டு. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடு. கண்ணில் பட்டால் எரியும், பிள்ளைக்கு எட்டாத தட்டில் இருக்கட்டும். அதே பையில் நெத்திலிக் கருவாடும் வருகிறது, தனியாகத்தான் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா